அந்தரத்தில் ஒரு கொல்லை

சுரங்க சர்வேயருக்கு ஒரு சங்கடம் உண்டு. தாலுகா சர்வேயர் அளந்த வயல் அவருடைய பேரன் காலத்திலும் அங்கேயே கிடக்கும். நான் அளந்த இடம் அடுத்த மாதம் இருக்காது. நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கத்தில் தியோடலைட்டில் தொடங்கி டோட்டல் ஸ்டேஷனில் ஓய்வு பெற்றவன் நான். மாதக் கடைசியில் பெஞ்சு பெஞ்சாக இறங்கி அளப்போம். போன மாதப் படத்திலிருந்து இந்த மாதப் படத்தைக் கழித்தால், நடுவில் போன மண் எத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். இல்லாமல் போனதை அளப்பதுதான் எங்கள் உத்தியோகம்.

அளப்பதற்கு அசையாத ஒரு புள்ளி வேண்டும். சுரங்கத்துக்குள் அப்படி எதுவும் கிடையாது. வெளியே கெட்டித் தரையில் பெஞ்ச் மார்க் நட்டு வைத்திருப்போம். சுரங்கம் அதையும் நெருங்கி வரும்போது, அதன் மட்டத்தைத் தள்ளி இருக்கும் புதிய கல்லுக்குக் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டுப் பழையதைக் கைவிடுவோம். எண் மட்டும் கல்லிலிருந்து கல்லுக்குத் தாவிப் பிழைத்துக்கொள்ளும்.

விளிம்பில் நின்று சுரங்கம் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் கீழே பார்ப்பார்கள். சிலர் மட்டும் நேர் எதிரே, ஒன்றுமில்லாத காற்றைப் பார்ப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் ஒருமுறை என் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கையை நீட்டினார்.

"தோ, அந்த மெசினு நிக்குதே, அதுக்கு நேர் மேல பாருங்க சார். அங்கதான் எங்க ஊட்டுக் கொல்ல. ரெண்டு பலா இருந்துச்சு."

"அதுக்கு மேலன்னா, அந்தரத்துலயா பெரியவரே?"

"அந்தரத்துலதான். நீங்க பள்ளத்தப் பாக்காதீங்க."

அவர் சொன்னதில் பிசகில்லை. ஊர்களின் பழைய புல வரைபடங்களை எங்கள் கிரிட்டில் ஏற்றிப் பார்த்தால், சர்வே எண்ணும் உட்பிரிவுமாக ஒவ்வொரு கொல்லையும் இருந்த இடத்திலேயே நிற்கும். கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவு, கடல் மட்டத்துக்கு மேல் இவ்வளவு என்ற மூன்று எண்ணும் அதற்கு இன்னும் உண்டு. மண்தான் இல்லை. அப்படியானால் இடம் என்பது மண்ணா, மூன்று எண்ணா, இல்லை அந்தப் பெரியவரின் விரல் நுனியா?

இடமும் காலமும் உண்மையில் இல்லை, மனத்தின் தோற்றமே என்று சொல்லும் பேச்சு இப்போது பெருகிவிட்டது. குவாண்டம் என்ற சொல்லை ஊறுகாய் போலத் தொட்டுக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் பற்று இல்லை. ஆனால் இந்த வழக்கு நம் பக்கத்தில் புதிதல்ல. நெய்வேலியிலிருந்து பஸ் ஏறிப் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய ஊர்களில் எழுநூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் வழக்கு இது. சுரங்கம் அதற்குப் பிந்தி வந்த ஒரு சாட்சி. சாட்சியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது கருப்பாக ஏதோ வந்தது என்பதுதான் இங்கே எல்லோரும் சொல்லும் தொடக்கம். தண்ணீர் தேடினார், நெருப்பு கிடைத்தது என்று மேடைப் பேச்சாளர்கள் அழகாக முடிப்பார்கள். உண்மையில் தண்ணீரும் கிடைத்தது, அதுவே பிறகு பெரிய தலைவலி ஆனது. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்தது. எச்.கே. கோஷ் என்ற சுரங்கப் பொறியாளர் தொடர்ந்து துளையிட்டு, பழுப்பு நிலக்கரி எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்று கணக்குக் கொடுத்தார். 1956 நவம்பர் 14இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20இல் நேரு வந்து மண் எடுக்கும் வேலையைத் தொடங்கிவைத்தார். நிலக்கரியின் முகம் தெரிந்தது 1961 ஆகஸ்டில். இடைப்பட்ட நான்கு ஆண்டுக்கு மேல் வெறும் மண்ணை அள்ளினார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்கள் பற்களை ஒடித்துக்கொண்டு திணறும் அளவுக்கு இங்குள்ள கடலூர் மணற்கல் கெட்டி. வெடி வைத்து இளக்கிய பிறகே சக்கரம் சுற்றும்.

தண்ணீர் விஷயம் இதுதான். நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்று நீர் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளும். மேலே உள்ள மண்ணை எடுத்துவிட்டால், கொதிக்கும் இட்லிப் பானையின் மூடி மாதிரி நிலக்கரித் தளமே தூக்கிக்கொள்ளும். அதனால் சுற்றிலும் ஆழ்துளை போட்டு இரவும் பகலும் நீரை இறைத்தபடி இருக்க வேண்டும். ஒரு நாள் நிறுத்தலாமா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. இறைத்த நீரின் ஒரு பங்கு வாலாஜா ஏரிக்குப் போய் வயலுக்குப் பாய்கிறது. 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 2020இல் அது மூடப்பட்டது.

ஊர்கள் போனது இதற்கிடையில். ஆரம்பத்தில் எடுத்த ஊர்கள், இரண்டாம் சுரங்கத்துக்கு எடுத்த ஊர்கள், அதன் விரிவாக்கத்துக்குக் கேட்ட ஊர்கள் என்று அலை அலையாக அது நடந்தது. 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, பயிர் நிற்கும் வயலில் இயந்திரம் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. ஆறும் இங்கே இடம் மாற வேண்டியிருக்கிறது. வில்லுடையான்பட்டு என்ற பெயர் இன்று டவுன்ஷிப்பில் முருகன் கோவிலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பங்குனி உத்திரத்தன்று காவடி எடுத்து வருகிற கூட்டத்தில் எத்தனையோ பேருக்கு அது கோவிலின் பெயர் மட்டும்தான். மற்றபடி நாங்கள் எல்லோரும் எண்ணில் குடியிருப்பவர்கள். வட்டம் இத்தனை, இத்தனாவது தெரு, இத்தனாம் நம்பர் குவார்ட்டர்ஸ். நேர்கோட்டுத் தெருக்கள். ஒரு சர்வேயராக எனக்கு அது பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

பள்ளம் என்றால் ஒரே இடத்தில் கிடப்பது என்று நினைப்போம். திறந்தவெளிச் சுரங்கத்தின் பள்ளம் நடக்கும். முன்பக்கம் இயந்திரம் வெட்டிக்கொண்டே போகிறது. வெட்டிய மேல்மண் கன்வேயர் பெல்ட்டில் கிலோமீட்டர் கணக்கில் ஓடிச் சுற்றிவந்து, பின்பக்கம் நிலக்கரி எடுத்து முடித்த குழியில் ஸ்ப்ரெடர் வழியாக விழுகிறது. தொடக்க காலத்தில் வெட்டிய பகுதிகள் இன்று நிரப்பப்பட்டு, மேலே மரம் வளர்த்துக் காடாக நிற்கின்றன. அப்படியானால் ஓர் ஊரின் மேல்மண் இன்னோர் ஊர் இருந்த இடத்தில் கிடக்கிறது. பெரியவரின் பலா வேர் விட்டிருந்த செம்மண்ணும் எங்கோ ஒரு கொட்டலில் இருக்கத்தான் செய்யும், ஆனால் அந்த மண்ணைக் காட்டி இதுதான் உன் கொல்லை என்றால் அவர் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. அவருடைய கொல்லை மண்ணோடு போகவில்லை. அது அந்தரத்தில் நின்றுவிட்டது.

இன்னொன்றும் நடக்கிறது. மேலே இருப்பது புதிது, கீழே இருப்பது பழையது என்பது புவியியலின் அரிச்சுவடி. 1669இல் ஸ்டெனோ என்ற டேனிஷ்காரர் எழுதி வைத்த விதி அது. சுரங்கத்தின் வெட்டுமுகத்தில் அந்த விதி கண்ணுக்குத் தெரியும்: சிவப்பு, மஞ்சள், வெள்ளை, களிமண், கடைசியில் கருப்பு. கொட்டுகிற பக்கத்தில் விதி செத்துப்போகிறது. முந்தாநாள் மண் அடியில், அதைவிடப் பல லட்சம் ஆண்டு மூத்த மணல் அதன் மேல். பின்னாளில் யாராவது அங்கே துளை போட்டுக் காலத்தைப் படித்தால் குழம்பித்தான் போவார்கள்.

எங்கள் தொழிலின் பூர்வீகமும் இந்த மாவட்டத்தில்தான் கொஞ்சம் இருக்கிறது. 1802இல் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்தார் வில்லியம் லாம்டன். பூமியின் உருண்டை எவ்வளவு நசுங்கியது என்று அறிய அவர் முதலில் அளந்த சின்ன வடதென் வில்லின் தெற்கு முனை கடலூரை அடுத்த திருவந்திபுரம், தேவநாதப் பெருமாள் ஊர். அங்கிருந்து நட்சத்திரம் பார்த்து அட்சரேகை குறித்தார். தரையில் தாம் நிற்கும் புள்ளி எது என்று தெரிந்துகொள்ள வானத்தைக் கேட்க வேண்டியிருந்தது அவருக்கு.

நாங்கள் கேட்டதும் வானத்தைத்தான். ஜி.பி.எஸ். கருவி வந்தபோது எங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். அதில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்த சங்கதி ஒன்றே ஒன்று. இந்தக் கருவி தூரத்தை அளப்பதே இல்லை. செயற்கைக்கோளிலிருந்து சிக்னல் வந்து சேரும் நேரத்தை அளந்து, அதைத் தூரமாக மாற்றிக்கொள்கிறது. செயற்கைக்கோளில் உள்ள கடிகாரமோ தரையில் உள்ளதைவிட நாளொன்றுக்கு சுமார் 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும். ஐன்ஸ்டீன் கணக்குப்படி உயரே ஈர்ப்பு குறைவதால் கூடுவது 45, வேகத்தால் குறைவது 7. அந்த 38ஐத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் அளவுக்குப் பிசகும். அதாவது நெய்வேலியில் நிற்கிறவனை வடலூரில் நிற்கிறாய் என்று சொல்லிவிடும். உயரத்துக்குத் தகுந்தபடி காலம் ஓடுகிறது என்பதைப் புத்தகத்தில் படித்தால் தத்துவம். திருத்தவில்லை என்றால் எனக்கு மெமோ.

தரைக் கடிகாரம் மட்டும் ஒழுங்கா? இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, 1906இல் வந்தது. நெய்வேலி ஏறத்தாழ 79½ டிகிரியில் இருக்கிறது. மூன்று டிகிரிக்குப் பன்னிரண்டு நிமிடம். சராசரியாகப் பார்த்தால் நெய்வேலியில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரம் பன்னிரண்டு அடித்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து. நம் கணக்கில் சரியாக அரை நாழிகை. வள்ளலார் வடலூரில் விளக்கேற்றிய 1872இல் வடலூருக்கு வடலூர் வெயில்தான் நேரம். இன்று தைப்பூச ஜோதி தரிசனத்துக்குக் காலை 6 மணி, 10 மணி, பிற்பகல் 1 மணி என்று அறிவிப்பது அரை நாழிகை தள்ளி நிற்கும் கடிகாரத்தின்படி.

பழுப்பு நிலக்கரியின் வயது என்ன? மயோசின் என்று நெடுங்காலம் பாடம். அதாவது 2 கோடியே 30 லட்சம் ஆண்டுக்கு இப்பால். பிறகு நிலக்கரியில் உள்ள மகரந்தத் துகளை ஆராய்ந்தவர்கள் இன்னும் மூத்தது என்றார்கள். புவியியல்காரர்களுக்குள் அந்த விவாதம் முடிந்தபாடில்லை. எது சரியானாலும் கோடி என்ற சொல் நாக்கில் நிற்கிறதே தவிர மனத்தில் இறங்குவதில்லை. வானூர்ப் பக்கம் திருவக்கரைக்குப் போனால் கொஞ்சம் இறங்கும். அங்கே இதே கடலூர் மணற்கல்லில் மரங்கள் கல்லாகிப் படுத்திருக்கின்றன. இங்கே மரம் கரியானது, அங்கே கல்லானது. பிரெஞ்சுக்கார இயற்கையியலாளர் சொனரா 1781இல் அவற்றைக் குறித்தார் என்று சொல்கிறார்கள். அதே 1781இல்தான் ஜெர்மன் தத்துவஞானி கான்ட், இடமும் காலமும் வெளியே கிடக்கும் பொருள்கள் அல்ல, அறிகிறவன் போட்டுக்கொண்டு பார்க்கும் அச்சுகள் என்று தம் பெரிய நூலை அச்சேற்றினார். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எனக்கு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வியாதி.

கான்ட் பெயரை நான் கேள்விப்பட்டது டவுன்ஷிப்பில் நடந்த ஞாயிற்றுக்கிழமைச் சைவ சித்தாந்த வகுப்பில். நடத்தியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். முதல் நாளே கரும்பலகையில் ஒரு வரைபடம் போட்டார். நடுவில் நெய்வேலி. மேற்கே பெண்ணாடம், மெய்கண்டார் பிறந்த ஊர். வடக்கே பண்ருட்டிப் பக்கம் திருத்துறையூர், அருணந்தி சிவாச்சாரியார் ஊர். பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை, மனவாசகங்கடந்தார் ஊர். தென்கிழக்கே சிதம்பரம், உமாபதி சிவம். சித்தாந்த சாத்திரம் பதினான்கில் பெரும்பாலானவை இந்த வட்டத்துக்காரர்கள் எழுதியவை. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டில் இந்த முந்திரிக்காட்டுச் செம்மண்ணைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, உலகம் பொய்யா மெய்யா என்று இவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். காவிரிக் கரையில் இருந்துகொண்டு பேசியிருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பார்களோ என்று எனக்கு ஓர் எண்ணம். ஆதாரம் எதுவும் இல்லை.

இவர்கள் சொன்னதன் சாரம் எனக்குப் புரிந்தவரை இது. மாயை என்றால் இல்லாத தோற்றம் அல்ல. அது உள்ள பொருள், அறிவில்லாத பொருள், உலகம் செய்யப்படும் மூலச்சரக்கு. அதிலிருந்து முப்பத்தாறு தத்துவங்கள் வருகின்றன: சிவ தத்துவம் 5, வித்தியா தத்துவம் 7, ஆன்ம தத்துவம் 24. காலம் இந்த நடு ஏழில் ஒன்று. உயிருக்கு மாட்டிவிடும் ஐந்து சட்டைகளில் அதுவும் சேர்த்தி. சட்டை இல்லாமல் உயிர் வேலைக்கு இறங்க முடியாது. ஆகாயமோ கடைசி ஐந்து பூதங்களில் முதலாவது. ஆகவே காலமும் வெளியும் பொய் அல்ல, ஆனால் முதலும் அல்ல. செய்யப்பட்டவை, ஒருநாள் ஒடுங்கப்போகிறவை. பட்டியலில் காலம் உயிருக்குப் பக்கத்தில் இருக்கிறது, வெளி எங்கோ கீழே இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லும் இன்றைய பேச்சைவிட இந்த வரிசை எனக்குக் கூர்மையாகப் படுகிறது.

மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் சீடன் கேட்கக் குரு சொல்வதாக அமைந்த சின்ன நூல். அதில் காலத்தின் வேலை என்ன என்பதற்கு ஒரு விளக்கம் வரும். நடந்து முடிந்தது எல்லை வகுக்கிறது, நடப்பது பயன் தருகிறது, வரப்போவது புதுமை காட்டுகிறது என்று. இதை முதலில் கேட்டபோது எனக்கு மாதாந்திர அளவைதான் ஞாபகம் வந்தது. போன மாதக் கோடு எல்லை. இந்த மாதம் எடுத்த டன் பயன். அடுத்த மாதம் இயந்திரம் எதன் மேல் ஏறப்போகிறது என்பது புதுமை, அது சில வீடுகளுக்கு நல்ல புதுமை அல்ல.

வகுப்பில் எனக்கு அதிகம் பிடித்தது அவத்தைக் கணக்கு. விழிப்பில் உயிரோடு வேலை செய்யும் கருவிகள் முப்பத்தைந்து. கனவில் இருபத்தைந்து. ஆழ்ந்த உறக்கத்தில் மூன்று. துரியத்தில் இரண்டு. அதற்கும் அப்பால் ஒன்று. உணர்வு என்பதை விளக்கைப் போடுவது அணைப்பது என்று இல்லாமல், எத்தனை கருவி இயங்குகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நைட் ஷிப்ட் பார்த்தவன் எவனும் இதைச் சட்டென்று ஒப்புக்கொள்வான். பின்னிரவு மூன்று மணிக்குக் கன்வேயர் ஓரத்தில் நிற்கிறவனுக்குக் கண் திறந்திருக்கும், காது பெல்ட் சத்தத்தைக் கேட்கும், உருளையில் கோளாறு என்றால் கை தானாகப் போகும். ஆனால் மணி மூன்றிலிருந்து மூன்றே காலுக்கு நகர ஒரு யுகம் பிடிக்கும். அதே ஆள் விடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்தால், கண்ணை மூடித் திறப்பதற்குள் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து நிற்கும். கடிகாரம் இரண்டுக்கும் பொது. காலம் பொதுவா?

காலமும் வெளியும் பொய் என்று முடித்துவிடலாமே என்று ஆசிரியரிடம் கேட்டேன். அதற்கு அவர் உமாபதியைக் கூப்பிட்டார். 1313இல் எழுதிய சங்கற்ப நிராகரணத்தில் அவர் முதலில் மோதுவதே மாயாவாதியோடுதான். சித்தாந்திகளின் தடை எளிமையானது. எல்லாம் தோற்றம் என்றால் தோற்றத்தைக் காண்பவன் யார், அவனுக்கு ஏன் வலிக்கிறது? தில்லையில், ஆகாயத்தையே வழிபடும் கோவிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வெளி பொய்யல்ல என்று வாதாடியிருக்கிறார் மனிதர். அங்கே திரையை விலக்கினால் தொங்கும் பொன் வில்வமாலைகளும் அவற்றுக்குப் பின்னுள்ள ஒன்றுமின்மையும்தான் ரகசியம். ஒன்றுமில்லை என்பதைக் காட்டவும் ஒரு சுவரும் ஒரு மாலையும் வேண்டியிருக்கிறது. எங்களுக்குப் பெஞ்ச் மார்க் வேண்டியிருந்ததைப் போலத்தான்.

இந்த வழக்கில் கடைசியாக வந்து, எல்லாருடைய வாதத்தையும் தள்ளிவிட்டுப் போனவர் வடலூர் வள்ளலார். 1867இல் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த எண்பது காணியில் தருமச்சாலை. அவ்வாண்டு மே 23இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சுரங்கத்து பம்பு போல இதுவும் நிறுத்த முடியாத வேலை, காரணம் வேறு. 1872 ஜனவரி 25இல் எண்கோணமான சத்திய ஞான சபையில் முதல் ஜோதி தரிசனம். கருமை, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்று ஏழு திரை. முதல் கருப்புத் திரைக்கு மாயா சக்தி என்று பெயர், கடைசிக் கலப்புத் திரைக்குச் சித் சக்தி. உணர்வும் அவருக்கு ஒரு திரைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மாதப் பூசத்தில் ஆறு திரையை விலக்குவார்கள், தைப்பூசத்தில் ஏழையும். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிப் பேசியபோது, வேதாந்தத்திலும் சித்தாந்தத்திலும் லட்சியம் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் தமிழாசிரியருக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் முகம் சுருங்கும்.

1874 ஜனவரி 30 இரவு மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் அறைக்குள் போனவர் திரும்ப வரவில்லை. ஆங்கில அரசின் 1906ஆம் ஆண்டுத் தென்னாற்காடு கெசட்டியர்கூட, அவர் அறையைப் பூட்டிக்கொண்டதையும் பிறகு யாரும் பார்க்காததையும் ஒரு தகவலாகக் குறித்து வைத்திருக்கிறது. இந்திய நேரம் வந்த அதே 1906. எல்லா ஊருக்கும் ஒரே மணி வைத்த அரசாங்கம், ஒரு மனிதர் எங்கே போனார் என்ற பத்தியை முடிக்க முடியாமல் நிறுத்தியிருக்கிறது.

தைப்பூசத்தன்று கடைசி தரிசனம் மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு. இரவு முழுக்க விழித்த கூட்டத்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள். விழிப்பது அவர்களுக்குப் பழக்கம். ஒருமுறை நெரிசலில் எனக்கு முன்னால் நின்ற பெல்ட் செக்‌ஷன் தம்பி, திரை விலகிய அந்த ஒரு கணத்துக்குப் பிறகு திரும்பி, "அண்ணே, எவ்ளோ நேரம் தொறந்திருந்துச்சு?" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். யாரும் கையில் கட்டியிருந்ததைப் பார்க்கவில்லை.

ஊர் போனவர்களிடம் நான் கவனித்த ஒன்று சித்தாந்தப் பட்டியலோடு ஒத்துப்போகிறது. மாற்றுக் குடியிருப்பில் இருக்கும் குடும்பங்கள் கல்யாணப் பத்திரிகையில் இன்றும் பழைய ஊர்ப் பெயரைத்தான் போடுகின்றன. மண்டபம் மந்தாரக்குப்பத்தில், மாப்பிள்ளை வேலை செய்வது திருப்பூரில், ஆனால் ஊர் என்ற இடத்தில் வரைபடத்தில் இல்லாத ஓர் ஊர். வயதானவர்கள் ஆண்டை எண்ணால் சொல்வதில்லை. ஊர் போனதுக்கு முந்தின வருஷம், ஊர் போன பின்னாடி ரெண்டாவது பொங்கல் என்று சொல்வார்கள். வெளி போன பிறகும் காலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இதை ஒருநாள் வகுப்பில் சொன்னேன். ஆசிரியர் ரொம்ப நேரம் கரும்பலகையைப் பார்த்தார். பிறகு, "வெளி போகலீங்க. ஆகாயம் அங்கயே இருக்கு. காலமும் இருக்கு. முப்பத்தாறுல அவங்களுக்குப் போனது கடைசி ஒண்ணுதான். நிலம்" என்றார்.

பின் வரிசையில் நிலம் கொடுத்ததற்காக வேலை கிடைத்து வந்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வகுப்பில் அதுவரை வாய் திறந்தவர் இல்லை. "அந்த ஒண்ணுலதான சார் சோறு இருந்துச்சு" என்றார்.

அன்றைக்கு அடுத்த பாட்டு நடக்கவில்லை. ஏக்கருக்கு அந்தக் காலத்தில் எவ்வளவு கொடுத்தார்கள், இப்போது எவ்வளவு கேட்கிறார்கள், முந்திரி மரத்துக்குத் தனிக்கணக்கு உண்டா என்று பேச்சு மதியம் வரை ஓடியது. ஆசிரியரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அதில் கலந்துகொண்டார்.